முப்பத்தாறு கிலோ பூட்டுக்காரர்

ஜூன் 2, திங்கள்

காலை வேலைகள் வழக்கம்போல. பால் காய்ச்சினேன், வீட்டுக்காரருடைய மாத்திரைகளை மூடியில் எடுத்து வைத்தேன், துணி காயப்போட்டேன், ஆஸ்பத்திரிச் செயலியில் அவர் எடை 71 என்று போட்டேன், பஸ்ஸைத் தவறவிட்டேன்.

அலுவலகத்தில் புள்ளித் தம்பி காத்துக்கொண்டிருந்தான். புள்ளிவிவரம் பார்ப்பவன் என்பதால் நான் வைத்த பெயர். இரட்டைப் பிள்ளைகளுக்கு அப்பா, முன்தலை வழுக்கை, ஆனாலும் எனக்குத் தம்பிதான். நீக்கல் தாளை நீட்டினான். ஆய்விலிருந்து யாருடைய விவரத்தையாவது தூக்க வேண்டுமென்றால் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று அவனுடையது, இன்னொன்று என்னுடையது.

இந்த முறை பதினான்கு பேர். எல்லோரும் பஸ் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் தெரு. எடைக் கட்டத்தில் 36, 41, 33½ என்று போட்டிருக்கிறார்கள். வளர்ந்த ஆட்கள்!

"ஆஸ்பத்திரில சேர்த்தப்ப எழுபத்தெட்டு கிலோக்கா. ஒரே வாரத்துல முப்பத்தாறு. இந்நேரம் காத்துல பறந்து போயிருப்பாரு."

செயலி தினமும் 'எடை அபாயகரமாகக் குறைந்துள்ளது' என்று அலறுகிறதாம். நர்சுகள் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கும் பழைய எண்களுக்கு அழைத்தால் யாரும் எடுப்பதில்லையாம். தூக்கிவிட்டால் நர்சுகளின் திரையிலும் அந்தப் பதினான்கு பெயரும் வராது, அவர்களுக்கும் நிம்மதி.

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

ஏதோ உறுத்துகிறது. தவறாகத் தட்டுகிறவர்கள் ஆளுக்கொரு விதமாகத்தானே தட்டுவார்கள்? 78 என்பது 87 ஆகும், 780 ஆகும். பதினான்கு பேரும் முப்பதிலிருந்து நாற்பத்து நாலுக்குள் எப்படி? அதுவும் அரை, முக்கால் எல்லாம் வைத்து?

இன்னொன்று. எல்லாமே மதியம் இரண்டிலிருந்து மூன்றரைக்குள் வந்திருக்கின்றன. ஞாயிறு தவிர ஒரு நாள்கூட விடவில்லை. மற்ற நோயாளிகள் எல்லாம் ஏனோதானோவென்று வாரத்துக்கு மூன்று நாள் போட்டால் அதிகம்.

இப்படி ஒழுங்காக யாராவது தப்புச் செய்வார்களா?

அவரிடம் சொன்னேன். லிஃப்ட் மெக்கானிக் அல்லவா, எதையும் லிஃப்டில் ஏற்றித்தான் யோசிப்பார். "ஒரே மாடில பதினாலு தடவ நிக்குதுன்னா லிஃப்டு கெட்டுப் போகல. அந்த மாடில யாரோ பட்டன அமுக்கறாங்க."

அப்புறம், "ஆரம்பிச்சுட்டியா, துருவி" என்றார். கல்யாணமான மாதத்திலேயே எனக்கு வைத்த பெயர். எதையும் துருவித் துருவிக் கேட்கிறேனாம். கேட்பதற்குத்தானே எனக்குச் சம்பளம்?

ஜூன் 5, வியாழன்

என் வேலையைக் கொஞ்சம் எழுதி வைக்கிறேன். பிறகு படித்தால் எனக்கே மறந்திருக்கும்.

இதயம் பலவீனமானவர்கள் மாதாமாதம் ஆஸ்பத்திரிக்கு வந்து வரிசையில் உட்கார வேண்டாம், வீட்டிலிருந்தே தினமும் எடை, இரத்த அழுத்தம், மூச்சு வாங்குகிறதா இல்லையா என்று செயலியில் போட்டால் போதும் என்று ஏழு மாதத்துக்கு முன் ஏற்பாடு செய்தார்கள். உடம்பில் நீர் கோத்துக்கொண்டால் எடைதான் முதலில் காட்டிக்கொடுக்கும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் நர்சுக்கு எச்சரிக்கை போகும். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு நோயாளிகள். அவர்களை அழைத்து 'உங்களுக்கு இது எப்படி இருக்கிறது, கைக்கு எட்டுகிறதா' என்று கேட்பது எங்கள் ஆய்வு. அழைப்புப் பட்டியல் என்னிடம் மட்டும்தான் இருக்கும். புள்ளித் தம்பிக்குப் பெயர் தெரியாது, தொலைபேசி எண் தெரியாது. நோயாளி எண் 1, 2, 3, தெரு, அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரரும் இருநூற்றுப் பன்னிரண்டில் ஒருவர். எண் 88. அவரை நான் கேட்கக் கூடாது. சொந்தக்காரர்களை வேறு ஆள்தான் கேட்க வேண்டும் என்பது விதி.

இன்று பட்டியலை எடுத்துப் பார்த்தால் – அந்தப் பதினான்கு பேரும் செயலியில் பதிந்திருப்பது ஒரே தொலைபேசி எண்!

அழைத்தேன். டகடகவென்று ஒரு சத்தம், அதற்கு மேல் ஒரு பெண் குரல். "அளவு குடுக்கணுமா, எடுத்துட்டுப் போகணுமா?"

"தப்பா வந்துடுச்சுங்க" என்று வைத்துவிட்டேன். கேட்கிற வேலையில் இருபது வருஷம் இருந்துவிட்டு, என்னிடம் ஒரு கேள்வி கேட்டதும் ஓடி ஒளிந்தேன். வெட்கக்கேடு.

ஜூன் 6, வெள்ளி

நாள் முழுக்க அதே யோசனை. என்ன அளவு? எதை எடுத்துக்கொண்டு போவது?

தூக்கிய பெயர்களைத் தேடிப் போக நேரம் ஒதுக்க முடியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆய்வுக்கு அவர்தான் தலைமை. அறிக்கை ஆகஸ்டில் போக வேண்டும். சரி, என் விடுப்பில் போகிறேன். செவ்வாய் அரை நாள்.

ஜூன் 10, செவ்வாய்

முதலிலிருந்து எழுதுகிறேன்.

அது ஒரு தையல் கடை. ஒரு கதவளவு அகலம். இரண்டு மெஷின், மேலே கம்பியில் தொங்கும் பாதிச் சட்டைகள், சுவரோரம் ஒரு நீள பெஞ்சு. பெஞ்சில் ஏழெட்டுப் பேர் பேசாமல், காலைப் பின்னாமல், முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஏதோ தண்டனை என்று நினைத்தேன்.

"அஞ்சு நிமிஷம் ஆகல. பேசினா பிரஷர் ஏறும்" என்றாள் தையல்காரி, என்னையும் சேர்த்து. ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் அளவு டேப், காதுக்குப் பின்னால் சாக்பீஸ் துண்டு. தெருவில் எல்லோருக்கும் அவள் 'இன்ச் அக்கா'.

நான் யாரென்று சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஆஸ்பத்திரிலேர்ந்தா! அப்பாடா, யாரோ பாக்கறீங்க!"

அந்தச் சொல் என்னைத் தைத்தது. யாரும் பார்க்கவில்லையே அம்மா.

விஷயம் இதுதான். தெருவில் நல்ல போன் அவளிடம் மட்டும் இருக்கிறது. புது மாதிரி வெட்டுகளைப் பார்க்க வாங்கியது. முதலில் பூட்டுக்காரர் வந்து, "ஊர் பூட்டெல்லாம் தெறக்கறேன், இந்த பாஸ்வேர்டு மட்டும் தெறக்கமாட்டேங்குது" என்று புலம்பியிருக்கிறார். போட்டுக் கொடுத்தாள். அப்புறம் ஒவ்வொருவராகப் பதினான்கு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையில் கூட்டம் இருக்காது. அதுதான் இரண்டிலிருந்து மூன்றரை. இரத்த அழுத்தக் கருவி பூட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரி கொடுத்தது, பொதுவில் ஓடுகிறது. எடை மெஷினை 'நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்' என்று சொல்லி அனுப்பிவிட்டோம். யாரும் வாங்கவில்லை.

"அப்ப எடைக் கட்டத்துல என்ன போடறீங்க?"

"இடுப்பு" என்றாள், இது என்ன கேள்வி என்பதுபோல.

அவள் கழுத்து டேப்பைப் பார்த்தேன்.

"அந்தக் கட்டத்த காலியா விட்டா அடுத்ததுக்கு விடமாட்டேங்குது. ஏதாவது ஒரு நம்பர் கேக்குது. பொய் நம்பர் போட எனக்கு மனசு வரல. எங்கிட்ட இருக்கற நெசமான நம்பர் இதான். கீழ எழுதற எடத்துல மொத நாளே எழுதிட்டேனே, இது இன்ச்சுன்னு."

கருத்துக் கட்டம். அதை யாராவது படித்தோமா?

அளவு நோட்டைக் காட்டினாள். பழைய, கொழுத்த நோட்டு. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பக்கம். மேலே தோள், கை, உயரம். கீழே தேதி வாரியாக இரத்த அழுத்தம், இடுப்பு, ஒரு சின்னக் குறிப்பு: 'மாடி ஏறினா மூச்சு', 'கால்ல செருப்பு ஏறல'. எல்லோருக்கும் ஒரே இடத்தில் டேப் பிடிப்பாள், தொப்புளுக்கு மேல் இரண்டு விரல். "மூச்ச இழுத்துப் புடிக்காதீங்க, போட்டோ எடுக்கல" என்று ஒருவரை அதட்டினாள்.

எனக்கு ஆசை ஆசையாக இருந்தது. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். பூட்டுக்காரரின் பக்கத்தில் கை நின்றது.

ஜூன் 2 – 36. ஜூன் 3 – 36. ஜூன் 4 – 36½. ஜூன் 5 – 36½. ஜூன் 6 – 37. ஜூன் 7 – 37½. ஜூன் 9 – 38½.

"இவர் எங்க?"

"அதத்தான் நானும் எழுதினேன்! வெள்ளிக்கிழம ஒரு தடவ, நேத்து ஒரு தடவ. 'இடுப்பு ஏறுது, சாப்பாடு எறங்கல, பாருங்க'ன்னு. நீங்க பாத்துட்டுத்தான வந்தீங்க?"

நோட்டை மூடிவிட்டு அவர் வீட்டைக் காட்டச் சொன்னேன்.

பூட்டுக்காரர் வீடு அடுத்த சந்தில். படுக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூன்று சொல் பேசுவார், மூச்சு வாங்குவார். கால் இரண்டும் பொதபொதவென்று. அவர் மனைவி, "நேத்துலேர்ந்து இப்படித்தான். இன்ச் அக்கா எழுதிட்டாங்க, ஆஸ்பத்திரிலேர்ந்து கூப்பிடுவாங்கன்னு இருந்தோம்" என்றார்.

கூப்பிடுவார்கள் என்று இருந்தார்களாம்.

ஆம்புலன்ஸ் வந்தது. நானும் ஏறிக்கொண்டேன். பெரிய வார்டில் சேர்த்தாயிற்று. பிழைப்பாரா என்று கேட்டேன். நர்ஸ், "ஊசி போட்டிருக்கோம், பாப்போம்" என்றார். இந்தப் 'பாப்போம்' என்ற சொல்லை ஆஸ்பத்திரியில் எத்தனை பேரிடம் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்குச் சொன்னது இதுதான் முதல் தடவை.

ஜூன் 2 – 36. அதே தேதியில் என் கையெழுத்து. சிரித்துக்கொண்டே போட்டது.

ஜூன் 12, வியாழன்

பிழைத்துவிட்டார். இரண்டு நாளில் ஐந்து கிலோ நீர் இறங்கியிருக்கிறது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்று வார்டு டாக்டர் சொன்னார்.

போய்ப் பார்த்தேன். "யாரு, ஆம்புலன்ஸ்ல எங்கூட அழுதுட்டு வந்தவங்களா?" என்றார். நான் அழவில்லை. தூசி.

கையெழுத்து விஷயத்தை அவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. "சரி, தப்பான சாவிய போட்டுட்டீங்க. வெளிய எடுத்துட்டீங்கள்ல" என்றார். அவர் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாததுதான் சரி.

ஜூன் 13, வெள்ளி

கூட்டம். டாக்டரம்மா, நான், புள்ளித் தம்பி, கணினிப் பிரிவு அதிகாரி. நடந்ததெல்லாம் சொன்னேன். பதினான்கு பேரையும் திரும்பச் சேர்க்க வேண்டும் என்றேன். தம்பி முகம் வெளுத்துவிட்டது. அவனும் கையெழுத்துப் போட்டவன்தானே.

கணினிக்காரர் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று. "ஒரே போன்ல பதினாலு கணக்கா?"

விதிமீறலாம். நோயாளியின் அந்தரங்கத் தகவல் வெளி ஆள் கையில் இருக்கிறதாம். சாயங்காலத்துக்குள் பதினான்கு கணக்கையும் பூட்டிவிட்டார்.

நான் வாயைக் கொடுத்தேன், அவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

ஐந்து மணிக்கு இன்ச் அக்கா அழைத்தாள். பின்னால் மெஷின் சத்தமே இல்லை. "உள்ளயே விடமாட்டேங்குதுங்க. நான் ஏதாவது தப்பு பண்ணிட்டனா?"

என்னத்தச் சொல்றது? தப்பு உன்னோடதில்ல அக்கா, எங்களோடது, ஆனா கதவு சாத்தினது உனக்குத்தான்னு சொல்றதா? அவ எழுதினா நாங்க படிக்கல. படிக்காதவங்க எல்லாரும் உள்ள இருக்கோம், எழுதினவ வெளில நிக்கறா. என்ன நியாயம் இது? ஒருத்தர் உசுரு போகப் பாத்துச்சு, அதப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல அந்த ஆளு! எத்தன கணக்கு, எத்தன போன் – அதான் கேள்வி!

நோட்டில் எழுதுவதை மட்டும் நிறுத்தாதீர்கள் என்று சொன்னேன். "அத எதுக்கு நிறுத்தறேன், அது என் நோட்டு" என்றாள்.

ஜூன் 14, சனி

விடுமுறை. அவரிடம் கதை முழுக்கச் சொன்னேன். பொய் நம்பர் போட மனசு வரவில்லை என்று அவள் சொன்னதைச் சொல்லும்போது என் குரல் எங்கோ போனது. அவர் கவனித்தாரா, தெரியவில்லை. "கெட்டிக்காரி" என்றார். "எங்க லிஃப்டுலயும் அப்படித்தான். எடை கூடினா மணி அடிக்கும். சத்தம் தொல்லையா இருக்குன்னு ஒயர புடுங்கி விட்டுருவாங்க."

கட்டிலுக்கு அடியிலிருந்து எடை மெஷினை வெளியே இழுத்தேன். பேட்டரி செத்துப் பச்சையாகப் பூத்திருந்தது.

எப்போது செத்தது?

எழுதாமல் விட்டால் இந்த நோட்டும் பொய் நோட்டு ஆகிவிடும். ஏழு மாதமாக நான் அவரை ஒரு நாளும் மெஷினில் ஏறச் சொல்லவில்லை. 71, 71, 71. விரல் தானாகப் போடுகிறது.

ஜூன் 16, திங்கள்

புது பேட்டரி போட்டு மெஷினைக் கூடத்தின் நடுவில் வைத்தேன். அவர் அதைச் சுற்றிக்கொண்டு போகிறார். நானும் ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அதைச் சுற்றிக்கொண்டு போகிறோம்.

ஜூன் 17, செவ்வாய்

ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. மண்டைக் குடைச்சல் என்றால் இது. நான் ஒருத்திதானா?

புள்ளித் தம்பியிடம் மெல்லக் கேட்டேன். "தம்பி, தொண்ணூறு நாளா எடை கொஞ்சம்கூட மாறாதவங்க எத்தன பேர்னு பாக்க முடியுமா?"

"எதுக்குக்கா?"

"சும்மா."

என்னுடைய 'சும்மா' எப்படிப்பட்டது என்று அவனுக்குத் தெரியும். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தான். நடையே சரியில்லை.

"அறுபத்து மூணு பேர்."

மனித உடம்பு காலையில் ஒன்று, சாப்பிட்டால் ஒன்று. தொண்ணூறு நாள் கால் கிலோகூட நகராமல் இருக்க அது என்ன, எடைக்கல்லா? அதைவிடக் கொடுமை, அறிக்கையின் முதல் வரைவில் இந்த அறுபத்து மூன்று பேருக்கும் நாங்கள் கொடுத்திருந்த தலைப்பு: 'நிலையான நோயாளிகள்'. செயலி வெற்றி பெற்றதற்குச் சான்று!

தம்பி பதினான்கு பேரின் இடுப்பளவையும் வரைபடமாகப் போட்டுக் காட்டினான். ஏறி, இறங்கி, மூச்சு விடுவதுபோல நெளிந்தது. "இருநூத்திப் பன்னண்டு பேர்ல உசுரோட இருக்கறது இதான்கா" என்றான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "இதப் போயி நான் குப்பைன்னேன்."

ஜூன் 19, வியாழன்

டாக்டரம்மா இரண்டு வரைபடத்தையும் பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. அவர் கோபக்காரர் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கென்னவோ அவர் அவமானப்பட்டால்தான் அப்படிப் பேசாமல் இருப்பார் என்று தோன்றுகிறது. பிறகு சொன்னார்: "அறுபத்து மூணு பேரையும் கேளுங்க. திட்டாதீங்க, கேளுங்க. கணக்க தெறக்கறதுக்குக் குழு கூடணும், நாள் ஆகும். அது வரைக்கும் அந்தப் பதினாலு பேர நான் எப்படிப் பாக்கறது?"

"நோட்டு இருக்கு டாக்டர். நான் போய் எழுதிட்டு வரேன்."

"தினமுமா?"

"இதுவரைக்கும் அவங்க தினமும் எழுதினாங்களே" என்றேன். கொஞ்சம் துடுக்குத்தான்.

இனி யாரையும் கேட்காமல் தூக்கக் கூடாது என்று நீக்கல் தாளின் தலையில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். 'நேரில் அல்லது தொலைபேசியில் கேட்ட தேதி' என்று ஒரு கட்டம். சம்மதித்தார்.

ஜூன் 24, செவ்வாய்

தினமும் மதியம் இன்ச் அக்கா கடை. என் நோட்டில் எழுதி, ஆஸ்பத்திரிக்கு வந்து நர்ஸிடம் கொடுக்கிறேன். வீட்டிலிருந்தே பார்க்கும் நவீன மருத்துவம் தினமும் பஸ் ஏறி என் கைப்பையில் வருகிறது. நர்ஸ் கேலி செய்கிறார். ஆனால் படிக்கிறார்.

இன்ச் அக்கா என் இடுப்பையும் அளந்துவிட்டாள். எத்தனை என்று இங்கே எழுதப்போவதில்லை.

ஜூன் 27, வெள்ளி

பத்துப் பன்னிரண்டு பேரிடம் பேசியாயிற்று. முன்பெல்லாம் 'செயலி எளிதாக இருக்கிறதா' என்று கேட்பேன்; 'நல்லா இருக்குங்க' என்று முடிந்துவிடும். இப்போது ஒரே கேள்வி: "எடையைப் போடறது யாரு? எப்படிப் பாத்துப் போடறாங்க?" மடை திறந்த மாதிரி கொட்டுகிறார்கள்.

ஒருவர் மகள் வேறு நாட்டிலிருந்து போடுகிறாள். அப்பா குரலைக் கேட்டு எடையை ஊகிக்கிறாளாம். "நல்லா பேசினார்னா அறுபத்தஞ்சு."

ஒரு சமையல்காரர்: "மெஷின் இருக்குங்க. அதுல வெங்காயம் எடை போடறோம்."

ஒரு அம்மா: "ஏறினா திட்டுவாங்களோன்னு பயம். அதான் ஒரே மாதிரி போட்டுடறேன்." யார் திட்டுவார்கள் என்று கேட்டேன். "நீங்கதான்."

நாங்களா? நாங்கள் எப்போது திட்டினோம்? – இல்லை. செயலியில் எடை ஏறினால் எண் சிவப்பாகும், ஒரு கோபமுகம் வரும். யாரோ அழகுக்காக வைத்தது.

ஜூலை 1, செவ்வாய்

பூட்டுக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டார். இடுப்பு 35½.

ஜூலை 9, புதன்

நாற்பத்தொரு பேரிடம் பேசியாயிற்று.

ஜூலை 22, செவ்வாய்

அறுபத்திரண்டு பேரிடம் பேசி முடித்தேன். ஒரே ஒருவர் பாக்கி.

தம்பி தினமும் கேட்கிறான். "எண்பத்தெட்டு எடுக்கலையாக்கா?" எடுப்பார், எடுப்பார் என்று மழுப்புகிறேன். இருபது வருஷமாக அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டவள், என் கதவை எவனும் தட்டக் கூடாது என்று உள்ளே தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆண்டவா, என்ன மனுஷி நான்.

குழு கூடி முடிவு சொல்லிவிட்டது. கணக்குகள் திறக்கும். நோயாளி சம்மதித்தால் இன்னொருவர் போடலாம், யார் என்று சொன்னால் போதும். திரையை மாற்றுகிறார்கள். பதினான்கு பேருக்கும் ஒரு எடை மெஷின் தையல் கடைக்கே போயாயிற்று. கணினிக்காரரே அதைத் தூக்கிக்கொண்டு என்னுடன் வந்தார். அவள் அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து, "அஞ்சு நிமிஷம் பேசாதீங்க" என்றாள். பேசவில்லை. பிரஷர் நூற்று அறுபது. மனுஷர் ஆடிப்போய்விட்டார். மறுநாளே மாத்திரை ஆரம்பித்தார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

புதுத் திரை வந்துவிட்டது. கோபமுகம் இல்லை. முதல் கேள்வி: இதை எழுதுவது யார்? அடுத்தது: எடை அல்லது இடுப்பளவு. 'பார்க்கவில்லை' என்றும் ஒரு கட்டம் இருக்கிறது, அதைத் தொட்டாலும் அடுத்ததுக்கு விடுகிறது.

இன்ச் அக்காவின் முதல் பதிவைத் தம்பி காட்டினான். 'உறவு' என்ற இடத்தில் கணவர், மனைவி, பிள்ளை, மற்றவர் என்று இருக்கிறது. 'மற்றவர்' என்பதைத் தொட்டு, பக்கத்தில் 'தையல்' என்று எழுதியிருக்கிறாள். பதினான்கு பேருக்கும்.

பூட்டுக்காரர் 74 கிலோ. இடுப்பு 35. கீழே கருத்து: 'பேண்ட் புடிச்சுக் குடுத்தாச்சு'.

ஆகஸ்ட் 6, புதன்

இன்று காலை ஒரு துண்டுத்தாளில் தொலைபேசி எண்ணை எழுதித் தம்பி மேஜையில் வைத்தேன். "எண்பத்தெட்ட நீங்க கேளுங்க தம்பி. நான் கேக்கக் கூடாது."

அவன் எண்ணைத் தட்டினான். இரண்டு மேஜை தள்ளி என் போன் அடித்தது.

போனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். நான் எழுந்து நடைவழிக்குப் போய் ஜன்னல் ஓரம் நின்று எடுத்தேன்.

"வணக்கம். இதயப் பிரிவு ஆய்விலேர்ந்து பேசறேன். இப்ப பேச வசதியா இருக்குங்களா?" நான் எழுதிக் கொடுத்த வாசகம்தான், ஒரு சொல் மாறாமல்.

"இருக்கு."

"எடையைப் போடறது யாரு?"

"நான். மனைவி."

"எப்படிப் பாத்துப் போடறீங்க?"

"பாக்கறதில்ல."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதையும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்: பதில் வந்த பிறகு உடனே பேசாதே, இன்னும் வரும்.

வந்தது.

"ஆஸ்பத்திரிலேர்ந்து அவர வீட்டுக்கு அனுப்பின அன்னிக்கு சீட்டுல எழுபத்தொண்ணுன்னு எழுதியிருந்துச்சு. இனிமே பயமில்ல, கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னாங்க. அந்த நம்பர விட எனக்கு மனசு வரல தம்பி. ஏத்திப் பாத்து வேற நம்பர் வந்துட்டா? அதுக்கு மறுநாள் இன்னொண்ணு வந்துட்டா? எழுபத்தொண்ணு போட்டா அன்னிக்கும் ஒண்ணும் ஆகலன்னு அர்த்தம். பயம்தான். வேற ஒண்ணுமில்ல."

அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம். பிறகு, "நன்றிங்க. நீங்க சொன்னது எங்களுக்கு ரொம்ப உதவியா இருக்கும்." அதுவும் என் வாசகம்தான். அவன் குரல்தான் சரியில்லை.

மேஜைக்குத் திரும்பியபோது நீக்கல் தாள் காத்திருந்தது. நோயாளி எண் 88, ஒன்பது மாத எடை. காரணம்: பார்க்காமல் எழுதியது. கேட்ட தேதி: ஆகஸ்ட் 6. கீழே அவன் கையெழுத்து. பக்கத்துக் கட்டம் காலி.

இந்த முறை சிரிக்காமல் போட்டேன்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன், எல்லாவற்றையும். காபியைக் கீழே வைத்தார். செருப்பைக் கழற்றினார், சட்டைப் பையிலிருந்த ஸ்பேனரைக்கூட எடுத்து மேஜையில் வைத்தார், மெஷினில் ஏறி நின்றார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கீழ பாரு, துருவி" என்றார். "மணி ஒண்ணும் அடிக்கல."

73.4.

போட்டேன்.